மூன்று பேர் குடியிருந்த வீடு

எங்கள் வீட்டில் தீப்பிடித்தபோது நாங்கள் மூன்று பேருமே வேலையில் இருந்தோம். எங்கள் கம்பெனியில் செல்போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் லைனுக்குள் போக வேண்டும். அதனால் வீட்டுக்கார அக்கா திரும்பத் திரும்பக் கூப்பிட்டும் எங்களுக்குத் தெரியவில்லை. கடைசியில் அவருடைய கணவர் பைக்கை எடுத்துக்கொண்டு பிள்ளைப்பாக்கத்திலிருந்து ஒரகடம் வரைக்கும் வந்து கேட்டில் நின்றார். சூப்பர்வைசர் என் பக்கத்தில் வந்து, "உன் வீட்டு ஓனராம், கேட்ல நிக்கிறாரு, அர்ஜென்ட்டாம்" என்றபோது, தண்ணீர் மோட்டார் பற்றி ஏதோ சண்டை போட வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

நான் கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. கார்களுக்குள் ஓடும் வயர்களைக் கட்டிக் கொடுக்கிற கம்பெனியில் லைன் லீடர். என்னோடு இருந்தவர்களைப் பரமக்குடிக்காரி, தேனிக்காரி என்றே இங்கே சொல்கிறேன். கம்பெனியிலும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பரமக்குடிக்காரி என்னைவிட மூத்தவள். புருஷன் அடித்த அடியில் ஒரு காது சரியாகக் கேட்காது. அவனை விட்டுவிட்டு ஒரு துணிப்பையோடு இந்தப் பக்கம் வந்தவள். தேனிக்காரி எங்களில் இளையவள், தரம் பார்க்கிற குவாலிட்டி பிரிவில் இருந்தாள், வாய் ஓயாது.

நாங்கள் மூவரும் முதலில் சந்தித்தது ஒரு ஹாஸ்டலில். காண்ட்ராக்டர் நடத்திய ஹாஸ்டல் அது. அடுக்குக் கட்டில், ஒரே மாதிரிச் சாம்பார், ஞாயிற்றுக்கிழமை வெளியே போக வார்டனிடம் கையெழுத்து. தலைவலி என்று படுத்தால்கூட விளக்கை அணைக்க முடியாது, மற்ற ஷிப்டுக்காரர்கள் கிளம்பிக்கொண்டிருப்பார்கள். அங்கிருந்து தப்பித்து வரத்தான் மூவரும் சேர்ந்து வீடு எடுத்தோம். மாடி வீடு. ஒரு ஹால், ஒரு சமையலறை, ஒரு குளியலறை, துணி காயப்போட மொட்டை மாடி. கீழே வீட்டுக்காரர்கள். நிலத்தைச் சிப்காட் தொழிற்பேட்டைக்குக் கொடுத்துவிட்டு அந்தப் பணத்தில் கட்டிய வீடு அது. அக்காவின் கணவரை அண்ணன் என்று கூப்பிடுவோம், அவர் கம்பெனி பஸ் ஓட்டினார். அக்கா இன்னமும் இரண்டு மாடு வைத்திருந்தார்.

சாமியறை என்று தனியாக இல்லாததால் சமையலறை மூலையில் ஒரு பலகை அடித்துப் படம் வைத்தோம். ஒரு தீபாவளி போனஸில் ஃபிரிட்ஜ். அடுத்ததில் வாஷிங் மெஷின். பரமக்குடிக்காரி பழைய தையல் மெஷின் ஒன்றை வாங்கி மோட்டார் போட்டுக்கொண்டாள். லைனில் பாதிப் பேருடைய ஜாக்கெட்டை அவள்தான் பிரித்துத் தைத்துக் கொடுப்பாள். ஃபிரிட்ஜ் வந்த அன்று தேனிக்காரி தண்ணீர் பாட்டிலை உள்ளே வைத்துவிட்டு அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். "ஏக்கா, ஊர்ல எங்க வீட்லகூட இது இல்லக்கா" என்றாள். எங்கள் வீட்டிலும் இல்லை. சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அந்த வீட்டுக்கு நான் இன்சூரன்ஸ் எடுத்ததே ஒரு மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான். சம்பளக் கணக்கு வைத்திருந்த பேங்க்கிலிருந்து கேன்டீனில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். டை கட்டிய ஒரு தம்பி, "மேடம், வாடகை வீடா இருந்தாலும் உங்க சாமானுக்கு இன்சூரன்ஸ் உண்டு, தீ, வெள்ளம், திருட்டு எல்லாம் வரும்" என்றான். வெள்ளம் என்ற சொல்தான் என்னை நிறுத்தியது. மழைக்காலம் வந்தால் செம்பரம்பாக்கம் ஏரியைப் பற்றியே எல்லோரும் பேசும் ஊர் இது.

"நாங்க மூணு பொம்பளைங்க சேந்து இருக்கோம், பரவாயில்லையா தம்பி?" என்று நான் கேட்டேன். இதை நன்றாக நினைவில் வைத்திருக்கிறேன், ஏனென்றால் பக்கத்தில் தட்டோடு நின்ற பரமக்குடிக்காரி, "நம்மள மாதிரி ஆளுகளுக்கெல்லாம் குடுப்பாய்ங்களா, கேளு" என்று என்னை இடித்தாள்.

"நோ ப்ராப்ளம் மேடம். யாராவது ஒருத்தர் பேர்ல போட்டா போதும்" என்றான் அவன். என் பேரில் போட்டேன். வருஷா வருஷம் கணக்கிலிருந்து பணம் தானாகப் போய்க்கொண்டிருந்தது.

தீப்பிடித்த அன்று நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தீயணைப்பு வண்டி தண்ணீர் அடித்து முடித்திருந்தது. மாடிப்படியில் கறுப்புத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. ஹாலில் ஸ்விட்ச் போர்டு இருந்த சுவர் வெடித்துப் பிளந்து கிடந்தது. அங்கிருந்துதான் ஆரம்பித்தது என்றார்கள். ஃபிரிட்ஜ் உருகிக் குனிந்து நின்றது. பீரோ நின்றது, ஆனால் திறந்தால் உள்ளே துணிகள் தொட்டவுடன் பொடியாக உதிர்ந்தன. தையல் மெஷினில் இரும்பு மட்டும் மிச்சம். தேனிக்காரி கல்யாணத்துக்கென்று சேர்த்துவைத்த பட்டுப்புடவைகள், என்னுடைய டிப்ளமா சர்டிபிகேட், மூவரும் சேர்ந்து மாமல்லபுரத்தில் எடுத்துப் பிரேம் போட்ட போட்டோ. எதுவும் இல்லை.

அக்கா மாட்டுக்கொட்டகை பக்கத்தில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தார். "நல்ல வேள, நீங்க உள்ள இல்ல கண்ணு. வூடு போனா போவுது" என்று என்னைக் கட்டிக்கொண்டார். அன்று பரமக்குடிக்காரி அழவில்லை. கரிந்த தையல் மெஷின் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தாள். அது சுற்றவில்லை. அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிட்டாள்.

நெருப்பின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதற்கு யாருடைய வீடு என்று தெரியாது. கோபம் அதற்குப் பிறகு வந்தவர்கள் மேல்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரியப்படுத்தியதும், நஷ்டத்தைக் கணக்கெடுக்க முதலில் வந்த சர்வேயர் நல்ல மனிதர். வயதானவர், மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார். ஒவ்வொரு சாமானையும் படம் எடுத்தார், எப்போது வாங்கியது என்று கேட்டார், எங்களை உட்காரச் சொல்லிவிட்டுத் தானே அளந்தார். போகும்போது "வந்துரும்மா" என்றார். நாங்கள் நம்பினோம். கீழே அக்கா கொடுத்த ஒரு அறையில் பாயை விரித்துக்கொண்டு, கம்பெனித் தோழிகள் கொடுத்த பழைய சுடிதார்களைப் போட்டுக்கொண்டு காத்திருந்தோம்.

இரண்டாவது ஆள் சொல்லாமல் வந்தான். விசாரணை அதிகாரி என்று சொல்லிக்கொண்டான். கூலிங் கிளாஸைக் கழற்றவே இல்லை. எங்களை நிற்கவைத்துக் கேட்டான்.

"மூணு பேரும் அக்கா தங்கச்சியா?"

"இல்லங்க."

"அப்ப சொந்தமா?"

"இல்லங்க. ஒரே கம்பெனி."

"கல்யாணம் ஆச்சா?"

பரமக்குடிக்காரியைப் பார்த்துத்தான் கேட்டான். அவளுக்கு அந்தப் பக்கத்துக் காது கேட்காது. திரும்பி, "என்ன கேக்குறாரு?" என்று என்னிடம் கேட்டாள். அவன் சிரித்தான். "புருஷன் எங்க, தனியா இருக்கீங்களே, யாராச்சும் வந்து போவாங்களா?" என்றான்.

"தீப்பிடிச்சதுக்கும் அதுக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்று கேட்டேன். என் குரல் உயர்ந்துவிட்டது.

"ரொட்டீன் கேள்விம்மா. கோபப்பட்டா எனக்கு சந்தேகம்தான் வரும்."

அதோடு விடவில்லை. தெரு முனை டீக்கடையில், பால் சொசைட்டியில், எதிர்வீட்டில் எல்லாம் போய், மாடியில் இருக்கிற பொண்ணுங்க எப்படி, ஆம்பளைங்க நடமாட்டம் உண்டா என்று விசாரித்திருக்கிறான். எதிர்வீட்டு அம்மா அன்று சாயங்காலமே வந்து சொன்னார்: "யாரோ வந்து உங்கள பத்தி கேட்டுக்கினு இருந்தாங்க. நான் ஒண்ணும் சொல்லலம்மா." ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லும்போதே அவர் எங்களை வேறு மாதிரி பார்த்தார். அதுவரை எந்தக் கேள்வியும் இல்லாமல் அந்தத் தெருவில் நடந்துகொண்டிருந்தோம். ஒரு ஆள் ஒரு மத்தியானம் வந்து போனதில் நாங்கள் விசாரிக்கப்பட வேண்டியவர்கள் ஆகிவிட்டோம். பொருள் போனால் வாங்கலாம். இதை எந்தக் கடையில் போய் வாங்குவது?

சில வாரம் கழித்துப் பதில் வந்தது. கிளெய்ம் நிராகரிக்கப்பட்டது. காரணம், அந்த இடம் குடியிருக்கும் வீடு இல்லையாம். தலைக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கிக்கொண்டு நடத்தப்படும் பெண்கள் விடுதியாம். பாலிசி என்பது காப்பீடு செய்தவரும் அவருடைய குடும்பமும் வசிக்கும் வீட்டுக்கு மட்டும்தானாம். இதை வீட்டு உரிமையாளரே எழுத்துமூலம் ஒப்புக்கொண்டிருக்கிறாராம்.

கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து போனில் அதைப் படித்தேன். விடுதி என்ற வார்த்தைக்கு மேல் என் கண் நகரவில்லை. எந்த ஹாஸ்டலிலிருந்து ஓடி வந்தோமோ, அதற்குள்ளேயே எங்களை மறுபடி பிடித்துத் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

கேன்டீனில் பாலிசி விற்ற தம்பியின் நம்பர் இன்னும் என்னிடம் இருந்தது. கூப்பிட்டேன். "மேடம், நான் அந்த பேங்க்கை விட்டுட்டேன், இப்ப வேற பக்கம் லோன் பாக்குறேன். உங்களுக்கு பர்சனல் லோன் வேணுமா?" என்றான். போனை வைத்துவிட்டேன்.

வீட்டுக்குப் போனதும் நேராக அண்ணனிடம் போனேன். அவர் பஸ் சாவியைச் சுவரில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, எங்கள ஹாஸ்டல்னு எழுதிக் குடுத்தீங்களா?"

அவர் சட்டையைக் கழற்றுவது போல் திரும்பிக்கொண்டார்.

"உங்களத்தான் கேக்குதேன். நாங்க ஹாஸ்டலா?"

"தலைக்கு இவ்ளோன்னுதானம்மா வாடக வாங்கறேன். அத்ததான் எழுதினான். நான் கையெழுத்து போட்டேன். நானா ஒண்ணும் சொல்லல."

"மூணு பேருன்னா தண்ணிச் செலவு கூடும்னு நீங்கதான தலைக்குக் கணக்குப் போட்டீங்க? நாங்களா கேட்டோம்?"

அக்கா உள்ளேயிருந்து வந்தார். "இன்னாத்துக்கு கையெழுத்து போட்ட? என்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா?" என்று கணவரைப் பிடித்துக்கொண்டார். அதற்கப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. விசாரணைக்கு வந்தவன் அண்ணனைத் தனியே கூப்பிட்டு, ஸ்விட்ச் போர்டு வயரிங் உங்களுடையது, வாடகை வீடு என்று ஆகிவிட்டால் நஷ்டத்தை உங்களிடமிருந்துதான் இன்சூரன்ஸ் கம்பெனி வசூல் பண்ணும், வீட்டை விற்றுக் கட்ட வேண்டியிருக்கும், ஹாஸ்டல் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் உங்களுக்குப் பிரச்சினை இல்லை என்று சொல்லியிருக்கிறான். நிலம் போய் மிச்சம் இருந்த ஒரே சொத்து அந்த வீடு. பயந்துவிட்டார். போட்டுவிட்டார்.

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவரைத் திட்டத்தான் வந்தேன். திட்டவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை. மாடிக்குப் போய்க் கரிச்சுவர்களுக்கு நடுவே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கிவந்தேன்.

இன்சூரன்ஸ் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதினேன். முதல் பதிலில் இருந்த வரிகளையே மறுபடி அனுப்பினார்கள், தேதி மட்டும் வேறு. அப்போதுதான் அந்தப் பழைய சர்வேயர் நினைவுக்கு வந்தார். கூப்பிட்டேன். மூச்சு வாங்கும் அதே குரல். "நான் வீடுன்னுதாம்மா எழுதினேன். மேல என்ன பண்ணாங்கன்னு எனக்குத் தெரியாது. விடாதீங்க. இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளர்னு மெட்ராஸ்ல ஒரு ஆபீஸ் இருக்கு. வக்கீல் வேணாம், நீங்களே போய்ப் பேசலாம்" என்றார்.

அங்கே மனு போட்ட கொஞ்ச நாளில் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். குரல் தேன் மாதிரி. நான் மனுவை வாபஸ் வாங்கிக்கொண்டால், கருணை அடிப்படையில் ஒரு தொகை தரத் தயாராக இருக்கிறார்களாம். நான் கேட்டதில் பாதிகூட வராது.

"கருணையா? யாரு மேல கருணை?"

"உங்க சிச்சுவேஷனைப் புரிஞ்சுக்கிட்டுத்தான் மேடம்."

"வருஷா வருஷம் என் கணக்குல இருந்து பணம் எடுத்தீங்களே, அது கருணையிலயா எடுத்தீங்க?"

அவள் அதே தொகையை மறுபடி சொன்னாள். அவள் யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறவள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

அன்று எங்களுக்குள் சண்டை வந்தது. தேனிக்காரிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. "வாங்கிருவோம்க்கா. குடுக்குறத விட்டுட்டு அப்புறம் அதும் இல்லாமப் போச்சுன்னா? இருந்த பொடவையும் போயிருச்சு, நான் என்னத்தக் கட்டிக்கிட்டு நிக்க?" என்று அழுதாள்.

"ஹாஸ்டல்னு ஒத்துக்கிட்டுத்தான் அந்தக் காச வாங்கணும். நம்மகிட்ட என்ன கேள்வியெல்லாம் கேட்டான், மறந்துட்டியா?"

"மானத்த வச்சு பொடவ எடுக்க முடியுமாக்கா?"

அது என் மேல் ஒரு அறை மாதிரி விழுந்தது. அவள் சொன்னதில் தப்பில்லை. பரமக்குடிக்காரியைப் பார்த்தேன். அவள் பாயில் படுத்து, நல்ல காதைத் தலையணையில் அழுத்திக்கொண்டு மறுபக்கம் திரும்பியிருந்தாள். எதையும் கேட்க வேண்டாம் என்றால் அப்படித்தான் படுப்பாள். நான் தனியாகவே முடிவெடுத்து மறுநாள் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தேனிக்காரி என்னோடு பேசுவதை நிறுத்தினாள். ஒரே அறையில், ஒரே பஸ்ஸில், ஒரே கேன்டீனில் இருந்துகொண்டு பேசாமல் இருப்பது எவ்வளவு சிரமம் என்று அப்போது தெரிந்தது. உப்பு வேண்டுமென்றால்கூடப் பரமக்குடிக்காரி வழியாகத்தான் கேட்டாள்.

குறைதீர்ப்பாளர் ஆபீஸில் விசாரணை வைத்த நாளுக்கு லீவு கேட்டபோது சூப்பர்வைசர் முகத்தைச் சுளித்தார். அட்டெண்டன்ஸ் போனஸ் போகும் என்றார். போகட்டும் என்றேன். நான் கிளம்பிச் செருப்பை மாட்டும்போது அக்கா புதுப்புடவை கட்டிக்கொண்டு, கையில் தூக்குவாளியோடு வாசலில் நின்றார்.

"நானும் வரேன்."

"எங்கக்கா?"

"உன்கூடத்தான். எங்க வூட்டுக்காரரு போட்ட கையெழுத்த நான் போய் சொல்றேன். அவரு வரமாட்டாரு, பயந்தாங்கொள்ளி. வூடு என் பேர்லதான கீது."

அது எனக்குப் புதுச் செய்தி. நிலம் விற்ற பணத்தில் கட்டும்போது அக்காவுடன் பிறந்த அண்ணன் சண்டை போட்டு வீட்டைத் தங்கை பேரில் எழுதவைத்தாராம். படப்பை தாண்டித் தாம்பரத்தில் ரயில் ஏறும் வரைக்கும் அக்கா பேசிக்கொண்டே வந்தார். மாட்டுக்குத் தண்ணீர் வைக்கச் சொல்லிக் கணவருக்கு நடுநடுவே போன் வேறு.

நான் கோர்ட் மாதிரி ஒரு இடத்தை நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஒரு நீள மேசை, ஏசி, தண்ணீர் பாட்டில்கள். குறைதீர்ப்பாளர் ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தார். எதிரே இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து வந்த அதிகாரி. இளைஞர், நல்ல சட்டை, நல்ல தமிழ். அவர் முதலில் பேசினார். விடுதி, தலைக்கணக்கு வாடகை, குடும்பம் என்பதற்கான விளக்கம், உரிமையாளரின் வாக்குமூலம் என்று வரிசையாக அடுக்கினார். கேட்கக் கேட்க எனக்கே நாங்கள் இருந்தது வீடுதானா என்று சந்தேகம் வந்துவிடும் போலிருந்தது.

என் முறை வந்தபோது தயார் செய்து வைத்திருந்தது எல்லாம் மறந்துபோனது. குறைதீர்ப்பாளர், "அவசரமில்லம்மா, மெதுவா சொல்லுங்க. அந்த ரெண்டு பேரும் உங்களுக்கு என்ன வேணும்?" என்றார்.

அந்தக் கேள்வி அந்த விசாரணைக்காரன் கேட்ட கேள்விதான். ஆனால் இவர் தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார்.

"ரத்த சொந்தம் இல்ல சார். சாதி சனமும் இல்ல. எனக்கு டைபாய்டு வந்தப்ப லீவு போட்டுக் கஞ்சி வச்சுக் குடுத்தவ ஒருத்தி. இன்னொருத்தி என்னோட இப்பப் பேசல, கோவமா இருக்கா. ஹாஸ்டல்ல இருக்கவங்க அப்படிக் கோவிச்சுக்க மாட்டாங்க சார், கட்டில மாத்திக்கிட்டுப் போயிருவாங்க."

அவர் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. நான் மேலே பேசினேன். "ஹாஸ்டல்னா வார்டன் வேணும்ல சார்? நாங்கதான் சமைச்சோம். நாங்கதான் கூட்டுனோம். சாவி எங்ககிட்டதான் இருந்துச்சு. கேன்டீன்ல பாலிசி வித்தப்பவே மூணு பேருன்னு சொன்னேன். அப்ப வீடா இருந்தது, எரிஞ்ச பிறகு எப்படி சார் ஹாஸ்டலாச்சு?"

அதிகாரி, "உரிமையாளரே எழுதிக் கொடுத்திருக்கிறார் சார்" என்று மறுபடி ஆரம்பித்தார்.

அதுவரை பொறுமையாக இருந்த அக்கா எழுந்துவிட்டார். "எழுதிக் குடுத்தது ஓனர் இல்ல. நான்தான் ஓனரு. எங்க வூட்டுக்காரர பயமுறுத்தி எழுதி வாங்கிக்கினு போயிட்டு ஓனரு ஓனருன்றியே! வூட்ட வித்து கட்டணும்னு சொன்னானா இல்லியா உங்க ஆளு? ஹாஸ்டலு நடத்துறதுக்கு நான் இன்னா, இவங்களுக்கு சோறாக்கி போட்டேனா? பொங்கலுக்கு என் வூட்டுக்கு இவங்கதான் பொங்கல் குடுத்து அனுப்பிச்சாங்க!"

"நான் அங்க வரலம்மா, எனக்குத் தெரியாது" என்றார் அதிகாரி. அவர் முகம் சிவந்திருந்தது.

"தெரியாதுன்னா இன்னாத்துக்கு பேசற?"

குறைதீர்ப்பாளர் அக்காவை உட்காரச் சொன்னார். அந்த வாக்குமூலத்தை எழுதியது யார், எங்கே, எந்தச் சூழ்நிலையில் என்று அதிகாரியிடம் கேட்டார். வெளி ஏஜென்சி ஆள் எழுதியது என்றார் அதிகாரி. பக்கத்து வீடுகளில் இந்தப் பெண்களின் நடத்தை பற்றி ஏன் விசாரிக்கப்பட்டது என்று அடுத்து கேட்டார். விசாரணைக்காரனின் அறிக்கை முழுவதும் அவரிடம் இருந்திருக்கிறது. அதிகாரி பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். நான் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுதுவிடக் கூடாது என்று பல்லைக் கடித்தது நினைவிருக்கிறது.

வெளியே வந்து நடைபாதையில் உட்கார்ந்து, அக்கா கொண்டுவந்த தயிர்சாதத்தை இருவரும் சாப்பிட்டோம். "நல்லா பேசினனா?" என்று கேட்டார். "நீங்க பேசலன்னா நான் தோத்திருப்பேன்க்கா" என்றேன். "வூட்டுக்கு போறேன், கீது அந்தாளுக்கு" என்று கணவரை நினைத்து மறுபடி கோபப்பட்டார்.

உத்தரவு வர நாளானது. அது குடியிருந்த வீடுதான், விடுதி இல்லை என்று தெளிவாக எழுதியிருந்தது. பாலிசி விற்கும்போது கேட்காததை இழப்பு வந்தபிறகு கேட்கக் கூடாது என்றும் இருந்தது. படித்துவிட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்து கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் கீழே இன்னொரு பத்தியும் இருந்தது. பாலிசி என் பேரில் இருப்பதால் என் பொருள்களுக்கும், சேர்ந்து வாங்கியதில் என் பங்குக்கும் மட்டும்தான் பணம். தேனிக்காரியின் புடவைகளுக்கு இல்லை. தையல் மெஷினுக்கு இல்லை. மூன்று பேர் வீடு எரிந்தது. என் மூலை மட்டும்தான் எரிந்ததாகக் கணக்கு. யாராவது ஒருத்தர் பேரில் போட்டால் போதும் என்று அந்தத் தம்பி சொன்னதும், நான் தலையாட்டியதும் அப்போது காதில் ஒலித்தன. சட்டப்படி குறைதீர்ப்பாளரால் அவ்வளவுதான் செய்ய முடியும் என்று புரிந்தது. புரிந்ததால் கோபம் குறையவில்லை.

பணம் வந்ததும் மூவருக்கும் சமமாகப் பிரித்தேன். தேனிக்காரி வாங்க மாட்டேன் என்றாள். அப்போதும் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, பரமக்குடிக்காரியிடம்தான் சொன்னாள். பரமக்குடிக்காரி அவள் தலையில் ஒரு தட்டு தட்டினாள். "அடி கூறுகெட்டவளே, நீங்க ரெண்டு பேரும் பேசாம இருந்து எனக்குத்தான் இம்புட்டு நாளா வாய் வலிக்குது. வாங்கித் தொலை, பொடவ எடுக்கப் போவோம்." காஞ்சிபுரத்துக்கு மூவரும் போனோம். பஸ்ஸில் தேனிக்காரி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். மன்னிப்பு எதுவும் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

அண்ணன் வீடு முழுக்க வயரிங் மாற்றினார். சுண்ணாம்பு அடித்ததும் மாடிக்கே திரும்பிப் போனோம். இப்போது ஒழுங்கான வாடகை ஒப்பந்தம் இருக்கிறது, அக்காவின் கையெழுத்தோடு. அண்ணன் என்னைக் கண்டால் இன்னமும் கொஞ்சம் ஒதுங்கித்தான் நிற்பார். தேனிக்காரி கல்யாணமாகிப் போய்விட்டாள். அவள் இடத்துக்கு வேறு யாரையும் சேர்க்கவில்லை.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நான் இன்னொரு புகார் எழுதினேன். பணத்தைப் பற்றி இல்லை. எங்கள் தெருவில் எங்களைப் பற்றி விசாரித்தவனைப் பற்றி. யார் அவனை அனுப்பியது, அந்தக் கேள்விகளை யார் எழுதிக் கொடுத்தது, எங்களிடம் யார் மன்னிப்புக் கேட்பார்கள் என்று கேட்டிருந்தேன். "தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம், தங்கள் கிளெய்ம் முடிக்கப்பட்டுவிட்டது" என்று பதில் வந்தது. பரமக்குடிக்காரியிடம் படித்துக் காட்டினேன். புதுத் தையல் மெஷினின் சத்தத்தில் அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. மெஷினை நிறுத்திவிட்டு, "என்னவாம்?" என்றாள்.

"அசௌகரியமாம்."

"அம்புட்டுத்தானா?" என்றாள். பிறகு, "இன்னொரு தடவ எழுது. எம் பேரையும் போடு" என்றாள்.

அதைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.